நோய் வருவதும் வளர்வதும்

(ஓர் ஊர் வாசகசாலையின் மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று என்னைப் பேச அழைத்தவர்கள், "எதைப் பற்றியாவது பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். நான் வைத்தியனல்ல. முப்பது வருஷகாலம் மருந்துக் கடையில் நின்று, வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுத்தவன். அந்த முப்பது வருஷத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும்; அதற்கு மேலே நோயைப் பற்றி இரண்டொரு வார்த்தைகளும் இருக்கும். மருந்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். விலையைப் பற்றி அதைவிட அதிகமாகக் கேட்பார்கள். ஆனால் மேலே இருக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னவென்று கேட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வார்த்தைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வார்த்தைதானே, அதில் என்ன இருக்கிறதென்று நினைக்க வேண்டாம். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாததால் உயிர் போன கதையும் இதில் வரும்.

யார் அனுப்பினது?

நோய் எப்படி வந்ததென்று நம்மவர்களைக் கேட்டால் என்ன சொல்லுகிறார்கள்? "ஆத்தா இறங்கியிருக்கிறாள்" என்கிறார்கள். "கண் பட்டுவிட்டது" என்கிறார்கள். "காத்துக் கருப்பு அடித்துவிட்டது", "ஏழரைச் சனி", "முன் ஜென்மத்துப் பாவம்" என்கிறார்கள். இவையெல்லாம் வெவ்வேறு பதில்கள்போல் தோன்றினாலும், கேட்கப்பட்ட கேள்வி ஒன்றேதான். யார் அனுப்பினார்கள் என்பதே அந்தக் கேள்வி. அனுப்பினவர் யாரென்று தெரிந்தால், அவரைச் சமாதானம் செய்துவிடலாமல்லவா? ஆகவே கேள்வி பிறக்கும்போதே காணிக்கையும் கூடப் பிறந்துவிடுகிறது. (சிரிப்பு)

நாம் மட்டும்தான் இப்படியென்று நான் சொல்ல வரவில்லை. இத்தாலிக்காரன் குளிர்க் காய்ச்சலுக்கு மலேரியா என்று பெயர் வைத்தான். அதற்குக் கெட்ட காற்று என்பது பொருள். சளிக் காய்ச்சலுக்கு இன்புளுயென்சா என்றான். அது நட்சத்திரங்களின் ஆதிக்கம் என்ற எண்ணத்திலிருந்து வந்த சொல். அவனுக்கும் காத்துக் கருப்பும் கிரகதோஷமும் இருந்தன. ஆனால் அவன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணத்தை விட்டுவிட்டான். 1880-ல் லவரான் என்ற பிரெஞ்சு வைத்தியர் அல்ஜீரியாவில் குளிர்க் காய்ச்சல்காரனுடைய இரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். 1897-ல் ரொனால்டு ராஸ், நம்முடைய செகந்திராபாத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த நுண்ணுயிரைக் கொசுவின் வயிற்றில் கண்டார். கெட்ட காற்று அன்றோடு ஒழிந்தது. சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே, ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் ஒரு கிரேக்க நூல், காக்காய் வலிப்பு தெய்வ நோயென்று சொல்வது அறியாமையே என்று சொல்லிவிட்டது. அந்த நூலுக்குப் பிறகும் காக்காய் வலிப்புக்காரன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், குறை நூலினுடையதல்ல.

நோய்முதல்

வைத்தியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "யார் அனுப்பினது" என்பதல்ல. "எதிலிருந்து வந்தது" என்பதாகும். இதற்குத் தமிழில் நோய்முதல் என்ற நல்ல சொல் இருக்கிறது. குறளிலேயே இருக்கிறது. நோயையும் அதன் முதலையும் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் வைத்தியம் செய் என்று வள்ளுவர் சொன்னாரே தவிர, பூசாரியிடம் போ என்று சொல்லவில்லை.

நோய்முதல் பலவகைப்படும். கிருமியாயிருக்கலாம், விஷமாயிருக்கலாம், உணவில் ஒரு சத்து இல்லாமையாயிருக்கலாம். உப்பில் அயோடின் இல்லாததால் கழுத்தில் கழலை வருகிறதென்றால், அங்கே வந்து புகுந்த பொருள் ஒன்றுமேயில்லை. வராமல் போன பொருளே காரணம்.

பிறவி நோயென்றும் பரம்பரை நோயென்றும் இரண்டு சொற்கள் உண்டு. இரண்டும் ஒன்றென்று நினைக்கிறோம், அது தப்பு. பிறக்கும்போதே இருப்பது பிறவி நோய். கருவிலிருக்கும்போது தாய்க்கு வந்த ஒரு தொற்றினாலும் அது வரலாம். பெற்றோரின் விந்திலும் கருமுட்டையிலும் இருந்து இறங்குவது பரம்பரை நோய். அது பிறந்தபோதே தெரியாமல் நாற்பது வயதில்கூடத் தெரியலாம். இந்த வித்தியாசம் தெரியாததால் நடந்த அக்கிரமத்தைப் பாருங்கள். பெருவியாதியைப் பரம்பரை என்றும் கர்ம வியாதி என்றும் சொல்லிக் குடும்பம் குடும்பமாக ஒதுக்கி வைத்தார்கள். 1873-ல் நார்வேயில் ஹான்சன் என்பவர் அதற்கு ஒரு கிருமியே காரணமென்று கண்டுபிடித்தார். அப்படியானால் ஒரே வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் வந்ததேன்? பல வருஷம் ஒரே கூரையின் கீழ் நெருங்கி வாழ்ந்ததால் வந்தது. கிருமி புகுந்து நோய் தெரிய சராசரி ஐந்து வருஷமாகிறது; இருபது வருஷம்கூட ஆகலாம். அவ்வளவு காலம் கழித்து வருவதால், தொற்றினதென்று யாருக்கும் தோன்றவில்லை. இரத்தத்தில் வந்ததென்று தோன்றிற்று. இன்றைக்குக் கூட்டு மருந்தினால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்தில் அது தீர்ந்துவிடுகிறது. ஆனாலும், பெருவியாதி வந்தவரை விவாகரத்துச் செய்யலாமென்ற விதி நம் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கினது 2019-ல்தான். கிருமி நீங்குவதற்கு ஒரு வருஷம் போதும். வார்த்தை நீங்குவதற்கு 146 வருஷம் ஆயிற்று.

இன்னொரு சொல் இருக்கிறது. சீட்டிலே சில சமயம் 'இடியோபதிக்' என்று எழுதியிருக்கும். ஏதோ பயங்கரமான நோயென்று பயந்துவிடுவார்கள். அதற்கு அர்த்தம், காரணம் இன்னும் புலப்படவில்லை என்பதுதான். இதைப் பார்த்து, "ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு தெரியவில்லை என்கிறானே" என்று சிலர் கேலி செய்கிறார்கள். தோழர்களே! எனக்கு வைத்திய சாஸ்திரத்திலேயே மிகவும் மரியாதையான சொல் அதுதான். குறி சொல்லுகிறவன் என்றைக்காவது தெரியாதென்று சொன்னதுண்டா? தெரியாது என்று எழுதி வைக்கிறவனே நாளைக்குத் தேடுவான். எல்லாம் தெரியுமென்கிறவன் தேடவேண்டிய அவசியமே இல்லையல்லவா?

முதல் வேறு, வழி வேறு

நிற்க, நோய்முதல் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்ததாகுமா? ஆகாது. கிருமி புகுந்தது சரி. புகுந்து என்ன செய்தது? எந்த உறுப்பைக் கெடுத்தது? எதனால் மனிதன் சாகிறான்? இதற்கு நோய் உருவாகும் வழி என்று பெயர் சொல்லலாம். திருடன் யாரென்று தெரிவது ஒன்று. எந்த வாசல் வழியாக வந்து எந்தப் பெட்டியை உடைத்தானென்று தெரிவது இன்னொன்று.

வாந்திபேதியை எடுத்துக் கொள்ளுங்கள். 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் அதன் கிருமியைப் பிரித்துக் காட்டினார். நோய்முதல் தெரிந்துவிட்டது. ஆனால் படுக்கையில் கிடந்தவன் அதனால் மட்டும் பிழைத்துவிடவில்லை. 1959-ல் அதே கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற வங்காளி வைத்தியர், அந்தக் கிருமி குடலில் ஒரு விஷத்தைக் கக்குகிறது, அந்த விஷமே உடம்பின் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடுகிறது என்று காட்டினார். அதாவது வாந்திபேதிக்காரன் தண்ணீர் வற்றிச் சாகிறான். இது தெரிந்ததும் வழியும் தெரிந்தது. போன தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடு. சர்க்கரை கூட இருந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் கண்டுபிடித்தார்கள். 1971-ல் வங்காளதேசத்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, பங்காவ் முகாமில் திலீப் மகாலனாபிஸ் என்ற வைத்தியர், ஊசி மூலம் ஏற்றும் நீர் தீர்ந்துபோனதால், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கவே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதையும் நம் வீட்டு வழக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பேதியானால், "தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும்" என்று கிழவிகள் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் வழி தெரியாத அன்பு அந்தக் குழந்தையைக் கொல்லுகிறது.

நோயரும்பு காலம்

இனி, இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்த சொல்லுக்கு வருகிறேன். கிருமி உடம்பில் புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தோன்றும் நாளுக்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறது. அதற்கு நோயரும்பு காலம் என்று பெயர். விதை போட்ட அன்றே முளை வெளியே தெரிவதில்லையல்லவா? அதுபோலத்தான்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1846-ல் டென்மார்க் அரசாங்கத்தார் பானும் என்ற இளம் வைத்தியரைப் பரோ தீவுகளுக்கு அனுப்பினார்கள். சுமார் 7,800 பேர் வாழ்ந்த அந்தத் தீவுகளில் சுமார் 6,000 பேருக்குத் தட்டம்மை கண்டுவிட்டது. பானும் என்ன செய்தார்? தீவு தீவாகப் போய், "நோயாளியோடு நீங்கள் கூடியிருந்தது எந்த நாள்? உங்கள் உடம்பில் சிவப்புத் தடிப்பு கண்டது எந்த நாள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். எங்கே பார்த்தாலும் இடைவெளி பதின்மூன்று அல்லது பதினான்கு நாளாகவே இருந்தது. 65 வருஷத்துக்கு முன், 1781-ல், தட்டம்மை கண்டு பிழைத்த கிழவர்கள் ஒருவருக்கும் இப்போது வரவில்லை என்பதையும் கண்டார். இதற்கு அவருக்குப் பெரிய யந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. நாளைக் கேட்டு எழுதினார், அவ்வளவுதான்.

நம் தெருவில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை கண்டு, வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த கொஞ்ச நாளில் அடுத்த பிள்ளைக்குக் காண்கிறது. "ஆத்தாளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, பூசையில் குறை" என்கிறோம். சின்னம்மையின் நோயரும்பு காலம் அநேகமாய்ப் பத்து முதல் இருபத்தொரு நாள். முதல் பிள்ளையிடமிருந்து தொற்றினது இரண்டாவது பிள்ளையிடம் அந்தக் கணக்குப்படி வந்திருக்கிறது. கோபத்துக்குக் கணக்கு உண்டா? பெரியம்மையையும் ஆத்தாள் என்றுதானே சொன்னோம்? 1980-ல் அது உலகத்திலிருந்தே ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. ஊர் ஊராக அம்மை குத்தினவர்கள் ஒழித்தார்களே தவிர, கூழ் ஊற்றினவர்கள் ஒழிக்கவில்லை.

இப்போது என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். எனக்குப் பதினோரு வயது. என் அத்தை மகனுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. தெருநாய் ஒன்று அவன் கணுக்காலில் கடித்துவிட்டது. சின்னக் காயம். அத்தை சுண்ணாம்பு தடவினாள். பக்கத்து ஊரில் ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டுவார். அவரிடம் கூட்டிப் போனார்கள். காணிக்கைக் கோழியை நான்தான் கையில் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கவுச்சி கூடாதென்று பத்தியம் சொன்னார். அத்தை கண்ணும் கருத்துமாய்ப் பத்தியம் காத்தாள். நாற்பத்தெட்டாம் நாள் கயிற்றை அறுத்துப் பொங்கல் வைத்தோம். "மந்திரம் பலித்தது" என்று ஊரே சொல்லிற்று. பையன் ஆசைப்பட்டானென்று ஐம்பதாம் நாள் அத்தை கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அதற்கும் இருபது நாளுக்கப்புறம், ஆறிப்போன தழும்பில் குறுகுறுவென்கிறது என்று சொன்னான். அடுத்து ஜுரம். அடுத்து, தண்ணீர்ச் செம்பைக் கண்டாலே தொண்டையைப் பிடித்துக்கொண்டான். நாலாம் நாள் இறந்துபோனான்.

கயிறு கட்டினவர் என்ன சொன்னார் தெரியுமா? "கருவாடு கொடுத்தாளே, அதுதான்" என்றார். என் அத்தை அதற்குப் பிறகு முப்பத்தாறு வருஷம் உயிரோடிருந்தாள். தன் கையாலேயே பிள்ளையைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே செத்தாள். அந்த முப்பத்தாறு வருஷத்தில் அவள் வீட்டில் கருவாடு வேகவில்லை.

தோழர்களே! வெறிநாய்க்கடியின் நோயரும்பு காலம் பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம். ஒரு வாரமாகவும் இருக்கலாம். ஒரு வருஷமாகவும் இருக்கலாம். கடிவாயில் புகுந்த விஷக்கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு நடந்து போகிறது. அது போய்ச் சேரும் வரையில் பிள்ளை ஓடுவான், ஆடுவான், சாப்பிடுவான். அந்த நாள்களைத்தான் மந்திரக்காரர் தம் கணக்கில் எழுதிக்கொண்டார். அந்த நாள்கள்தான் அவனைக் காப்பாற்றுவதற்கு இருந்த நாள்கள். 1885-லேயே பாஸ்டர் ஒன்பது வயதுப் பையனுக்கு ஊசி போட்டுக் காட்டிவிட்டார். நமது குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. ஆகையால் நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். சொன்ன நாள் தவறாமல் எல்லா ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயமும் இப்போது வேண்டாம். சில ஊசிகள், அதுவும் கையில்தான். அறிகுறி தோன்றினபின் அநேகமாக எந்த வைத்தியமும் பயன்படாது.

கடுமையும் நாட்பட்டதும்

சீட்டில் 'அக்யூட்' என்று எழுதியிருந்தால், "ஐயோ, முற்றிவிட்டதா?" என்று கேட்பார்கள். அதன் அர்த்தம் முற்றிவிட்டதென்பதல்ல. திடீரென்று வந்தது, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வரும் என்பதே. சாதாரண ஜலதோஷமும் 'அக்யூட்'தான். 'க்ரானிக்' என்றால் நாட்பட்டது. கூடவே இருந்து மெல்ல நடப்பது. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இந்த வகை. இவைகளுக்கு வலியில்லை, ஜுரமில்லை. ஆகவே ஒரு மாதம் மருந்து தின்றுவிட்டு, "உடம்பு நன்றாய்த்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிடுகிறார்கள். நாட்பட்ட நோயைத் 'தீர்ப்பது' என்பது வேறு, 'கட்டிவைப்பது' என்பது வேறு. மாட்டைக் கட்டி வைத்திருக்கிறது கயிறு. மாடு சாதுவாக நிற்கிறதே என்று கயிற்றை அவிழ்த்தால் பயிர் என்னவாகும்?

தணிவும் குணமும்

தணிவு என்றால் அறிகுறி அடங்குவது. குணம் என்றால் நோயே நீங்குவது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் போகிற உயிர்கள் ஏராளம்.

காசநோய்க்கு மருந்து தின்ன ஆரம்பித்த சில வாரத்திலேயே இருமல் குறைகிறது, பசியெடுக்கிறது, உடம்பு தேறுகிறது. அது தணிவு. சாதாரணக் காசத்துக்கு ஆறு மாதம் மருந்து தின்றால்தான் குணம். நடுவில் நிறுத்தினால், மிஞ்சின கிருமிகள் அந்த மருந்துக்கே அடங்காதவைகளாக மாறித் திரும்பி வரலாம். முன்னெல்லாம் காசக்காரன் மலைமேலிருக்கும் ஆரோக்கிய நிலையத்தில் பாலும் முட்டையும் சாப்பிட்டுப் படுத்திருந்தால்தான் பிழைப்பானென்று எண்ணியிருந்தார்கள். 1956-ல் சென்னையில் ஆரம்பித்த ஆராய்ச்சி, 1959-ல் ஒரு முடிவைச் சொல்லிற்று. குடிசையிலிருந்துகொண்டே ஒழுங்காக மருந்து தின்ற ஏழைகளும், ஆஸ்பத்திரியில் படுத்துத் தின்றவர்களைப் போலவே குணமடைந்தார்கள். ஏழை பிழைக்கமாட்டானென்ற விதியைச் சென்னைக் குடிசைவாசிகளே பொய்யாக்கினார்கள்.

டெங்குவில் இது இன்னும் விபரீதம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். சிலருக்கு ஆபத்து ஆரம்பிக்கிற நேரமே அதுதான். ஜுரம் இறங்கின பிறகு ஒன்றிரண்டு நாள், கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, பல்லீறில் இரத்தம், சோர்ந்து கிடத்தல் இவைகளில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். "ஜுரம் விட்டது, இனிப் பயமில்லை" என்ற வார்த்தையை அந்த இரண்டு நாளைக்குச் சொல்லாதீர்கள்.

முன்கணிப்பும் ஜோசியமும்

கடைசியாக ஒரு சொல். நோய் இனி எப்படிப் போகுமென்று வைத்தியர் சொல்வதற்கு முன்கணிப்பு என்று பெயர். "இதுவும் ஜோசியம்தானே?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். அல்ல. முன்கணிப்பு, இதே நோய் வந்த நூறு பேரில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கிலிருந்து பிறக்கிறது. அது தப்பினால், தப்பினதையும் எழுதி வைத்துக் கணக்கைத் திருத்துகிறார்கள். ஜோசியன் தப்பினால், நேரம் குறித்தவன்மேல் பழி. மந்திரக்காரன் தப்பினால், கருவாட்டுக் குழம்பின்மேல் பழி. தன் தப்பைத் தானே எழுதி வைப்பது எதுவோ, அதுவே அறிவு.

அதனால் வைத்தியரைப் புதுப் பூசாரியாக்கிவிடாதீர்கள். வெள்ளை அங்கிக்கும் கேள்வி உண்டு. வைத்தியரிடம் போனால் ஐந்து கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள். இது எதிலிருந்து வந்தது? உடம்பில் என்ன செய்கிறது? வீட்டில் மற்றவர்களுக்கு எத்தனை நாளைக்குள் வரலாம்? எப்போது தணியும், எப்போது குணமாகும்? எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும்? இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கிற வைத்தியர் இருந்தால் குறை அவருடையது. படிக்கத் தெரியாத கூலிக்காரனும் இந்த ஐந்தையும் கேட்க உரிமையுள்ளவன். உடம்பு அவனுடையது.

நான் சொன்னதையும் அப்படியே நம்பவேண்டாம். உங்கள் ஊர் வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். உங்கள் அறிவைக்கொண்டு ஆலோசியுங்கள். சரியென்று பட்டால் நாலு பேருக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுத் தன்னையே குற்றவாளியென்று எண்ணிக்கொண்டிருக்கும் தாய் எவளாவது உங்கள் தெருவில் இருந்தால், அவளிடம் போய்ச் சொல்லுங்கள். என் அத்தையிடம் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்தபோது அவள் இல்லை.